நல்லாத்தானே இருக்கா, இன்னும் எதுக்கு மாத்திரை?

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். சனிக்கிழமை இரவே ஃப்ரிட்ஜ் மேல் இருந்த மாத்திரை டப்பா அரிசி டிரம்முக்குள் போய்விடுகிறது. வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாதல்லவா? மறுநாள் இரவு அதை எடுக்க யாருக்கும் நினைவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான்காம் நாள் நினைவு வரும்போது, "இத்தனை நாள் போடலியே, நல்லாத்தானே இருக்கா?" என்கிறார் அம்மா. "நானும் அதைத்தாம்மா சொல்றேன்" என்கிறாள் மகள்.

இரண்டு வருடங்களுக்கு முன், பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், செல்போன் வழியாக யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் நடந்த பெண் அவள். இப்போது வேலைக்குப் போகிறாள். ஸ்கூட்டி ஓட்டுகிறாள். தங்கையின் படிப்பில் தலையிட்டுத் திட்டும் வாங்குகிறாள். குணமாகிவிட்டாள் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகம் மாத்திரையின் மேல்தான்.

பெயரும் ஊரும்தான் மாறும். மனநல மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கதை இது. கேள்வி நியாயமானதும்கூட. காய்ச்சல் போனால் மாத்திரையை நிறுத்துகிறோம். சைக்கோசிஸ் போன பிறகு ஏன் நிறுத்தக் கூடாது?

இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக உறுதியாக நம்புவது, பேச்சு கோவையில்லாமல் சிதறுவது... இவையெல்லாம் சேர்ந்த நிலைதான் சைக்கோசிஸ். அதன் பின்னால் ஸ்கிசோஃப்ரீனியா இருக்கலாம், பைபோலார் இருக்கலாம், பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள் இருக்கலாம், கஞ்சாவும் இருக்கலாம். எதனால் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் மருந்தின் காலமும். எதிர்வீட்டுப் பையன் ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டான் என்பதை வைத்து நம் வீட்டுப் பெண்ணுக்குக் கணக்குப் போட முடியாது.

முதல் ஆன்டிசைக்கோடிக் மருந்தான குளோர்ப்ரோமசின் 1952-ல் பாரிஸில் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதற்குப் பின் வந்தவையும் பெரும்பாலும் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேகத்தைத்தான் மட்டுப்படுத்துகின்றன. இந்த மருந்துகள் நோயை வேரோடு பிடுங்குவதாக யாரும் சொல்வதில்லை. அணைபோல நிற்கின்றன. அணைக்குப் பின்னால் தண்ணீர் வற்றிவிட்டதா, இன்னும் நிற்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. சிக்கலே அங்கேதான்.

2012-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்று, 65 பரிசோதனைகளில் பங்கேற்ற சுமார் 6,500 பேரின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் 27 சதவிகிதம் பேருக்கு நோய் திரும்பியது. மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 64 சதவிகிதம். இதற்கு மேல் என்ன வேண்டும், ஆயுள் முழுக்கப் போடு என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும்.

ஆனால் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு இந்த முடிவைக் கொஞ்சம் கலக்கிவிட்டது. முதல்முறை சைக்கோசிஸ் வந்து தேறியவர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு மருந்தைத் தொடர்ந்தது. இன்னொரு பிரிவுக்கு மருத்துவர் மேற்பார்வையில் குறைத்து, முடிந்தால் நிறுத்தினார்கள். ஒன்றரை ஆண்டு முடிவில், குறைத்தவர்களுக்கு நோய் திரும்பியது இரு மடங்கு: 43 சதவிகிதம், மற்றவர்களுக்கு 21. ஏழு ஆண்டுகள் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தபோதோ கதை வேறு. வேலை, உறவு, அன்றாட வாழ்க்கை என எல்லாவற்றிலும் மீண்டவர்கள், குறைத்துப் பார்த்த பிரிவில் 40 சதவிகிதம்; தொடர்ந்த பிரிவில் 18 சதவிகிதத்துக்கும் குறைவு.

ஹாங்காங்கில் நேர்மாறு. அங்கே ஓராண்டாவது மருந்தெடுத்துத் தேறிய 178 பேரில் பாதிப் பேருக்கு மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். பத்தாண்டுக்குப் பின், நிறுத்தியவர்களில் 39 சதவிகிதம் பேரின் நிலை மோசமாக இருந்தது. தொடர்ந்தவர்களில் 21 சதவிகிதம். 2023-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு நீண்டகாலமாக நோயுள்ள 253 பேரைப் பற்றியது. படிப்படியாகக் குறைத்தவர்களில் நான்கில் ஒருவருக்கு இரண்டாண்டுக்குள் கடுமையாகத் திரும்பியது. தொடர்ந்தவர்களில் எட்டில் ஒருவருக்கு. அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறனில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆக, 'எல்லாருக்கும் ஆயுள் முழுக்க' என்பதும் சரியில்லை, 'குணமானால் நிறுத்து' என்பதும் சரியில்லை. முதல்முறை வந்தவர்களுக்குத் தேறிய பிறகும் ஓரிரு ஆண்டுகள், திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு அதைவிட நீண்ட காலம் என்பதே பொதுவான நடைமுறை. அதற்குள் எவ்வளவு என்பதை அந்த ஒருவரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இதில் மருந்தின் மறுபக்கத்தைப் பேசாமல் விடுவது அநியாயம். ஓலான்சபின் போன்ற மருந்தில் எடை ஏறும், சர்க்கரையும் கூடலாம். ரிஸ்பெரிடோனில் மாதவிடாய் தள்ளிப்போகலாம். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டே பல பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போடுகிறார்கள். சிலருக்குக் கை நடுங்கும், ஓரிடத்தில் உட்கார முடியாது, காலையில் எழவே முடியாது. பல வருடப் பயன்பாட்டில் நாக்கும் வாயும் தானாக அசையும் கோளாறு வருவதும் உண்டு. 'போட்டுத்தான் ஆகணும்' என்று அதட்டுவதால் இவற்றில் ஒன்றும் சரியாகாது. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம். ஆனால் டாக்டரிடம் சொன்னால்தானே?

தானாக நிறுத்துவதில் ஒரு ஏமாற்று உண்டு. முதல் சில வாரங்கள் பலருக்கு நன்றாகவே இருக்கும். தூக்கக் கலக்கம் போகும், முகம் தெளியும், "பாத்தீங்களா, மாத்திரைதான் இவளை மந்தமாக்கிருக்கு" என்பார்கள் வீட்டில். நோய் திரும்புவது பெரும்பாலும் மாதங்கள் கழித்து. அதற்குள் நிறுத்தியதே எல்லாருக்கும் மறந்துபோயிருக்கும்.

குறைப்பதென்றால் எப்படி? ஒரு பஸ்ஸில் முதலில் ஏறும் கொஞ்சம் பேரே பெரும்பாலான இருக்கைகளை நிரப்பிவிடுவார்கள். பின்னால் ஏறுகிறவர்கள் நிற்கத்தான் வேண்டும். மருந்தும் அப்படித்தான். சிறிய டோஸே மூளையின் டோபமைன் ஏற்பிகளில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் 10 மில்லிகிராமிலிருந்து 8-க்கு இறங்குவது பெரிதாகத் தெரியாது. 2-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவதுதான் பெரிய பள்ளம். கடைசிப் படிகள் மிகச் சிறியதாக, இடையில் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு இருக்க வேண்டும் என்கிறார்கள் இதை ஆராய்ந்தவர்கள். குளோசபின் எடுப்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும்; திடீரென நிறுத்தினால் சில நாட்களிலேயே பழைய நிலை கடுமையாகத் திரும்பலாம். ஒரு சின்ன விஷயம்: சிகரெட் புகை, ஓலான்சபின், குளோசபின் இரண்டையும் உடலிலிருந்து வேகமாக வெளியேற்றும். புகையை விட்டாலும் பிடித்தாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

நேரம் பார்ப்பதும் முக்கியம். பரீட்சை, புது வேலை, கல்யாணம், பிரசவம் பக்கத்தில் இருக்கும்போது குறைக்க ஆரம்பிப்பது புத்திசாலித்தனம் அல்ல. கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். தெரியாமல் நிறுத்திவிட்டு வருவதுதான் ஆபத்து.

ஒவ்வொருவருக்கும் நோய் திரும்புவதற்கு முன் ஓர் அறிகுறி இருக்கும். பெரும்பாலும் தூக்கம்தான் முதலில் கெடும். சிலர் கதவைத் திரும்பத் திரும்பப் பூட்டிப் பார்ப்பார்கள், சிலர் போனை எடுக்க மாட்டார்கள். நன்றாக இருக்கும் நாளிலேயே அவரையும் உட்காரவைத்து அந்தப் பட்டியலை எழுதிவிடுவது நல்லது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: மறுபடி உடம்புக்கு முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதைப் பதினெட்டு வயது நிறைந்த யாரும் முன்பே எழுதிவைக்கலாம். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் "மாத்திரை போட்டியா?" என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். தேறியவருக்கும் கோபம் வர உரிமை உண்டு.

அரிசி டிரம் வீட்டுக்கு வருவோம். ஐந்தாவது வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு மகளின் அறையில் விளக்கு எரிவதை அம்மா பார்க்கிறார். மறுநாளும் எரிகிறது. அந்த வாரமே மூவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் திட்டவில்லை. மாத்திரை மீண்டும் ஆரம்பமாகிறது.

"குறைக்கவே முடியாதா டாக்டர்?" என்கிறாள் மகள்.

"முடியாதுன்னு சொல்லலம்மா. தூக்கம் சரியாகட்டும், ஒரு ஆறு மாசம் நிலையா போகட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பாக்கலாம். சேர்ந்தே பாக்கலாம்."

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்கிறார். "மாப்பிள்ளை வீட்ல சொல்லித்தான் ஆகணுமா டாக்டர்?"

"யார்கிட்ட, எப்ப சொல்லணும்ங்கறதை அவங்கதான் முடிவு பண்ணணும்மா. ஆனா கட்டிக்கப் போறவருக்குத் தெரியாம, அந்த வீட்ல இவங்க தினம் ராத்திரி எங்க போய் மாத்திரை போடுவாங்க?"

அப்பா முதன்முறையாக வாயைத் திறக்கிறார். "நான் பேசறேன்."

"இல்லப்பா, நானே பேசறேன்" என்கிறாள் மகள்.