இளைப்பாறுதலை இருக்கை தராது



மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் பிரயாணம் செய்கிறவர்களுக்கென்று, வேண்டும்போது வெப்பத்தையும் வேண்டும்போது குளிர்ச்சியையும் தரும் இருக்கை இன்று கிடைக்கிறது. அமெரிக்காவின் இந்தியன் மோட்டார்சைக்கிள் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் இத்தகைய இருக்கையை அறிமுகப்படுத்தியது. இருசக்கர வாகனத்திற்கும் இவ்வளவு சொகுசா என்று நீங்கள் நகைக்கலாம். நான் நகைக்கமாட்டேன்.

கலிபோர்னியாவின் டெத் வேலி பள்ளத்தாக்கை எண்ணிப்பாருங்கள். அதன் மிகத் தாழ்ந்த பகுதி கடல்மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே உள்ளது. கோடையில் அங்கே வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அதே மாநிலத்திலுள்ள டியோகா கணவாயோ 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே நாளில் கடந்துவிடலாம். பகலில் வியர்வையில் நனைந்தவர் இரவில் குளிரில் நடுங்குவார். விரல்கள் மரத்துப்போனால் பிரேக் பிடிப்பதும் தாமதமாகும். ஆகையால் சரீரத்திற்கு உதவும் இருக்கையை வீண் ஆடம்பரம் என்று தள்ளுவது நியாயமல்ல.

ஆனாலும் அது செயல்படும் விதத்தைச் சற்றே கவனியுங்கள். 1834ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பெல்டியே கண்டறிந்த உண்மையே அதன் அடிப்படை. இருவேறு பொருள்கள் இணையும் இடங்களில் மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்கிறது; மறுபக்கம் சூடாகிறது. மின்சாரத்தின் திசையை மாற்றினால் குளிர்ந்த பக்கமே சூடாகும். இங்கே வெப்பம் அழிந்துபோவதில்லை. ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்திற்கு மாற்றப்படுகிறது.

களைப்பும் அவ்வாறே அழிந்துபோவதில்லை. முன்பு இரண்டு மணி நேரம் ஓட்டியதும் தொடைகள் எரியும், முதுகு முறையிடும். அந்த வேதனையே ஓட்டுபவரை நிறுத்தியது. அவர் இறங்கினார், தண்ணீர் குடித்தார், சற்றே நடந்தார். இப்போது இருக்கை அந்த முறையீட்டை அடக்கிவிடுகிறது. தாகமும் உறக்கமும் மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கின்றன. சரீரத்தைவிடச் சூடான காற்று வீசும் பாலைவனத்தில், தொடைக்குக் கீழே உள்ள குளிர்ச்சி முழு உடலையும் காப்பாற்றாது.

அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்றொரு சங்கம் உண்டு. 24 மணி நேரத்திற்குள் 1,000 மைல், அதாவது ஏறக்குறைய 1,609 கிலோமீட்டர் ஓட்டி முடிப்பவர்களுக்கு அது சான்றிதழ் அளிக்கிறது. இத்தனை தூரம் ஓட்டுகிறவர்களுக்கும் அச்சங்கம் கூறும் ஆலோசனைகளில் ஒன்று, எப்போது நிறுத்தவேண்டும் என்பதை அறிந்திருங்கள் என்பதே. தூரத்தை வென்றவர்களே அப்படிச் சொல்வார்களானால், நாம் கேளாதிருக்கலாமா?

அன்பானவர்களே, வசதியுள்ளவர்கள் இந்த இருக்கையை வாங்கட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் வலி வந்தபின் நிறுத்தலாம் என்று இனிக் காத்திருக்கலாகாது. புறப்படுமுன்னரே நிறுத்தவேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்விடம் வந்ததும், சரீரம் சுகமாயிருந்தாலும் இறங்கி இளைப்பாறுங்கள். கண்கள் சொருகினால் குறித்த இடம் வரும்வரைகூடக் காத்திராதேயுங்கள். உங்கள் பின்னால் அமர்ந்திருப்பவரின் உயிரும் உங்கள் கைகளில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று அவர் கேட்கமாட்டார். நீங்கள் வந்து சேர்ந்தாலே அவருக்குப் போதும்.