முதல் நாள் ‘நெகட்டிவ்’ வந்தால் நிம்மதியா?

தொண்டை கரகரக்கிறது, உடம்பு லேசாகச் சுடுகிறது. மருந்துக்கடையில் கரோனா கிட் வாங்கி மூக்கில் குச்சியை விட்டுப் பார்க்கிறோம். 15 நிமிடத்தில் ஒற்றைக் கோடு. ‘நெகட்டிவ்’ என்ற நிம்மதியோடு வயதான பெற்றோர் படுத்திருக்கும் அறைக்குள் போய்விடுகிறோம். அந்த நிம்மதிக்குத்தான் ஆதாரம் இல்லை. இந்த கிட் செய்வது ஆன்டிஜன் பரிசோதனை; அதில் விடைதான் சீக்கிரம் வருகிறது. தொற்று சீக்கிரம் பிடிபடுவதில்லை.

ஆய்வகத்தில் செய்யும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை வைரஸின் மரபணுவைப் பல கோடி மடங்கு பெருக்கிப் பார்க்கும். ஆன்டிஜன் பட்டையில் பெருக்கும் வேலையே கிடையாது. ‘டி’ என்ற எழுத்துக்கு நேரே கோடு விழ வேண்டுமென்றால், வைரஸ் புரதம் மூக்கில் ஏற்கெனவே ஏராளமாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

அதற்கு நாள் பிடிக்கும். பிரிட்டனில் 36 இளம் தன்னார்வலர்களின் மூக்கில் கரோனா வைரஸைத் துளியாக விட்டுச் சோதித்தார்கள். 2022-ல் முடிவு வெளியானது. தொற்றியது 18 பேருக்கு. வைரஸ் முதலில் தொண்டையில் தென்பட்டது, பிறகுதான் மூக்கில். உச்சத்தைத் தொட ஏறக்குறைய 5 நாள் ஆனது. ஒமைக்ரான் காலத்து அமெரிக்க ஆய்வொன்று இன்னும் கவலை தருகிறது. அறிகுறி தோன்றிய முதல் நாளில் ஆன்டிஜன் சோதனை கண்டுபிடித்தது 30 முதல் 60 சதவீதத் தொற்றுகளை மட்டுமே. நான்காம் நாளில் 80 முதல் 93 சதவீதம். தடுப்பூசியாலும் முந்தைய தொற்றாலும் பழகிவிட்ட நம் எதிர்ப்பு சக்தி, வைரஸ் பெருகி முடிப்பதற்குள் காய்ச்சலைக் கிளப்பிவிடுகிறது என்பது இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இந்தக் குறை புதிதாகத் தெரிந்ததல்ல. 2020 ஜூனில் முதல் கிட்டுக்கு அனுமதி தந்தபோதே, அதன் கண்டறியும் திறன் 50.6 முதல் 84 சதவீதம்தான் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) வெளிப்படையாகச் சொன்னது. அறிகுறி இருந்து ‘நெகட்டிவ்’ வந்தால் ஆர்டி-பிசிஆர் கட்டாயம் என்றும் விதித்தது. டெல்லி ஆன்டிஜன் சோதனைகளைப் பெருமளவில் நம்பியது; மறுசோதனை விதி சரிவரப் பின்பற்றப்படவில்லை என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. தமிழ்நாடு, செலவும் தாமதமும் கூடுதல் என்றாலும், ஆர்டி-பிசிஆரையே பற்றி நின்றது. அது சரியான முடிவு.

கிட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ‘பாசிட்டிவ்’ வந்தால் பெரும்பாலும் நம்பலாம். குறித்த நேரத்துக்குள் மங்கலாகத் தெரியும் கோடும் கோடுதான். சிக்கல் ஒற்றை ‘நெகட்டிவ்’வில் இருக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டிலேயே வழி சொல்லிவிட்டது: அறிகுறி இருந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி, அறிகுறி இல்லாவிட்டால் அதே இடைவெளியில் மொத்தம் மூன்று முறை.

இங்கே விற்கும் ஒவ்வொரு கிட்டின் வெளி அட்டையிலும் இந்த எச்சரிக்கையைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடச் செய்ய வேண்டும். அதுவரை, காய்ச்சலோடு ஒற்றைக் கோடு பார்த்தவர்கள் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள்; பெரியவர்களிடமிருந்து விலகியிருந்து, இரண்டு நாள் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள்.