பையும் துணையும்

பாரத நாட்டைச் சுற்றிப்பார்க்கப் புறப்படும் மாணவர் பலர், பையில் எதை வைப்பது என்றே எண்ணுகின்றனர். எவரோடு செல்வது என எண்ணுவாரில்லை. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை 4,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் விவேக் விரைவுப் புகைவண்டியில், சென்ற ஆண்டு நாம் நண்பர் ஒருவருடன் ஏறினோம். தமிழ், மலையாளம், தெலுங்கு, ஒடியா என நிலையந்தோறும் மொழி மாறிற்று. மாறாதிருந்தவர் நண்பர் ஒருவரே.

13ஆம் நூற்றாண்டில் எழுந்த கோணார்க் சூரியன் கோயிலைக் காண்பது அவரது நெடுநாள் ஆசை. புவனேசுவரத்தில் இறங்கும்போதே எமக்குக் கடுங்காய்ச்சல். கோயில் இரண்டு மணி நேரத் தொலைவிலேயே இருந்தது. அவரோ நான்கு நாட்களும் எம் கட்டிலருகே இருந்து கஞ்சி ஊட்டினார். விடுமுறை முடிந்தது, கோணார்க்கைக் காணாமலே திரும்பினோம். அதுபற்றி இன்றுவரை ஒரு சொல்லும் அவர் சொன்னாரில்லை.

மாணவர்களே, பையின் சுமையைக் குறையுங்கள். துணையை ஆராய்ந்து தெரிவுசெய்யுங்கள். அவருக்கு நீங்களும் அத்தகைய துணையாவீர்களா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.