கேட்பதும் குறிப்பதும்

தஞ்சைச் சீமையில் பேசத் தெரியாதவர்களைக் காண்பது அரிது. காவேரித் தண்ணீரின் விசேஷம் என்பார்கள் சிலர். கும்பகோணத்து வெற்றிலையின் விசேஷம் என்பார்கள் வேறு சிலர். காரணம் எதுவாயினும், திண்ணையிலும் படித்துறையிலும் கல்யாணப் பந்தலிலும் ரயில் வண்டியிலும் பேச்சுக்கு மட்டும் பஞ்சம் உண்டானதில்லை. ஆனால் இத்தனை பேச்சையும் கேட்கிறவர்கள் யார் என்று விசாரிக்கப் புகுந்தால்தான் சங்கடம் ஏற்படுகிறது. ஒருவர் பேசுகையில் மற்றவர் தம்முடைய முறை எப்போது வரும் என்று காத்திருக்கிறாரேயன்றி, கேட்பதாகத் தோன்றவில்லை.

இதற்குக் குழந்தைகளைக் குறை கூறிப் பயனில்லை. பள்ளிக்கூடந்தோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறோம்; வென்ற பிள்ளைக்கு வெள்ளிக் கிண்ணம் கொடுத்துப் படமும் எடுக்கிறோம். கேட்கும் போட்டி என்று ஒன்று நடந்ததாக எங்கேனும் கேள்விப்பட்டதுண்டா? காது இருந்துவிட்டால் கேட்கும் திறமையும் தானே வந்துவிடும் என்று எண்ணிவிட்டோம்.

நம் முன்னோர்கள் அப்படி எண்ணவில்லை. திருவள்ளுவர் 40-ஆம் அதிகாரத்தில் கல்வியைக் கூறி, 41-ஆம் அதிகாரத்தில் கல்லாமையை இடித்துரைத்து, உடனே 42-ஆம் அதிகாரத்தைக் கேள்விக்கென்றே ஒதுக்கினார். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரோ, எழுத்திலக்கணம் தொடங்குமுன்பே பாடம் கேட்பவனுக்கு இலக்கணம் வகுத்துவிட்டார். அவர் கண்ட மாணாக்கர் எட்டு வகையினர். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், வயிறார மேய்ந்தபின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவும் முதல் தரம். உழுகிறவன் பாடுபட்ட அளவுக்கே விளைவு தரும் மண்ணும், சொன்னதை மட்டும் சொல்லும் கிளியும் நடுத்தரம். ஓட்டைக் குடமும், இங்கொரு வாய் அங்கொரு வாய் கடித்துவிட்டு ஓடும் ஆடும், குளத்தைக் கலக்கிச் சேறாக்கிய பின் குடிக்கும் எருமையும், நெய்யரி என்கிற பன்னாடையும் கடைத்தரம்.

பன்னாடையைச் சற்று கவனியுங்கள். நெய்யை வார்த்தால் நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசட்டைப் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பிரசங்கியார் சொன்ன ஹாஸ்யக் கதையை மட்டும் ஒப்பிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பவணந்தியார் ஒரு கணக்கும் போட்டிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செவ்வையாகக் கேட்டாலும் கல்வியில் கால் பங்குதான் கிடைக்குமாம். உடன் பயில்வோருடன் கலந்து பழகினால் மற்றொரு கால் பங்கு சேரும். எஞ்சிய அரைப் பங்கும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருமாம். அப்படியானால் குறிப்பெடுப்பதன் பிரயோஜனம் என்ன? கேட்ட கால் பங்கு சிந்திப்போகாதபடி காப்பாற்றி, மற்ற முக்கால் பங்கையும் தேடிக்கொள்வதற்கு அதை விதைநெல்லாக வைத்திருப்பதே.

இந்தக் கணக்கு மெய் என்பதற்கு நம் காவேரிக் கரையிலேயே சாட்சி இருக்கிறது.

1871-ஆம் வருஷம் உத்தமதானபுரத்துச் சாமிநாதையர் தம் பதினேழாம் பிராயத்தில் மாயூரத்துக்குச் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். 1876-ஆம் வருஷம் பிள்ளையவர்கள் சிவபதம் அடையும் வரையில் மாயூரத்திலும் திருவாவடுதுறை மடத்திலும் அவரிடம் பாடம் கேட்டார். பிள்ளையவர்கள் செய்யுளை வாயினாற் சொல்லிக்கொண்டே போவார். அருகிலிருக்கும் மாணாக்கர் ஏட்டில் எழுதுவார். இந்த ஊழியம் சாமிநாதையருக்கும் கிடைத்தது.

பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவது இன்றைய நோட்டுப் புத்தகத்தில் கிறுக்குவது போன்றதன்று. கீறியது கீறியதுதான், அழிக்க வழியில்லை. ஆகவே, முழுதும் காதில் வாங்கி, சொல்லைப் பிரித்து உணர்ந்து, அதன் பின்னரே கை நகர வேண்டும். அன்றியும் ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். பொருளைக் கேட்டு உணராமல் ஓசையை மட்டும் எழுதியவன், மறுநாள் தன் ஏட்டைத் தானே படிக்க முடியாமல் விழிப்பான். எழுத்து ஓலையில் இருந்தது. புள்ளியோ கேட்டவன் மனத்தில் இருந்தது.

எக்காலத்துக் குறிப்புக்கும் இது பொருந்தும். எவ்வளவு விரிவாக எழுதினாலும் குறிப்பென்பது புள்ளியில்லாத ஏடுதான். கேட்ட செவி சரியாகக் கேட்டிருந்தால் அது பேசும்; இல்லையேல் ஊமையாகக் கிடக்கும்.

சாமிநாதையர் கால் பங்கோடு நிற்கவில்லை. திருவாவடுதுறை மடத்தில் தாமே பிறருக்குப் பாடம் சொன்னார். 1880-ஆம் வருஷம் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியரானார். அந்த வருஷமே கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள் எல்லாவற்றையும் அடுக்கிச் சொன்னபோது முதலியார் வியப்படையவில்லை. இவற்றால் என்ன பிரயோஜனம் என்று கேட்டு, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். வேறொருவராயிருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருப்பார். இவரோ அந்தக் கேள்வியை மனத்தில் வாங்கிக்கொண்டார். அது ஜைன சமயக் காப்பியமாகையால், தாம் ஆசிரியராயிருந்தும் கும்பகோணத்து ஜைனர்களின் வீடு தேடிச் சென்று, தெரியாதவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ஆம் வருஷம் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. நமக்குப் பிடிக்காததைக் கேட்கத் தெரிந்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

சங்கீதத்திலும் இதே கதைதான். திருவையாற்றில் வாழ்ந்து 1847-ஆம் வருஷம் மறைந்த ஸ்ரீ தியாகையர் தம் கீர்த்தனங்களை அச்சிட்டு வைத்துவிட்டுப் போகவில்லை. உமையாள்புரத்திலும் தில்லைஸ்தானத்திலும் வாலாஜாபேட்டையிலும் கிளைத்த சிஷ்ய பரம்பரையினர் கேட்டும் எழுதியும் காத்ததனால் அவை நமக்குக் கிட்டின. ஐயம்பேட்டையிலிருந்து வாலாஜாபேட்டைக்குக் குடிபெயர்ந்த வேங்கடரமண பாகவதரும் அவர் குமாரரும் எழுதி வைத்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டன. ஒரே கீர்த்தனத்துக்குப் பரம்பரைக்குப் பரம்பரை பாடபேதம் உண்டு என்பதையும் ரசிகர்கள் அறிவார்கள். கேட்கும் செவிக்கு எத்தனை பெரிய பொறுப்பு இருக்கிறது, பாருங்கள்!

கடல் கடந்த தேசத்திலும் கேள்விச் செல்வம் ஓர் ஏழையை உயர்த்தியதுண்டு. லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகிய மைக்கேல் பாரடே என்ற வாலிபர், 1812-ஆம் வருஷம் ஸர் ஹம்ப்ரி டேவியின் ரசாயனப் பிரசங்கங்களைக் கேட்டார். கேட்கும்போது எடுத்த குறிப்புக்களை வீட்டுக்கு வந்து விரித்து எழுதி, படங்கள் வரைந்து, தாமே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். மறு வருஷமே டேவியின் ஆராய்ச்சிசாலையில் உதவியாளராக அமர்ந்தார். மின்சார சாஸ்திரத்தில் அவர் பின்னர் அடைந்த கீர்த்தியை உலகம் அறியும். அந்தக் கீர்த்திக்கு வித்து, அவர் வீட்டில் உட்கார்ந்து விரித்து எழுதிய வேளையே என்று சொல்லலாம்.

“நாங்கள் காப்பியம் பதிப்பிக்கவும் போவதில்லை, மின்சாரம் கண்டுபிடிக்கவும் போவதில்லை” என்று சில வாசகர்கள் சொல்லக்கூடும். வாஸ்தவம். ஆனால் நெல் பயிரிடுவதுண்டல்லவா? நம் பக்கத்தில் நிலத்தை வேலி என்றும் மா என்றும் கணக்கிடுவது இன்னும் வழக்கம். இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விவசாய உத்தியோகஸ்தர் ஏக்கருக்கு இத்தனை கிலோ உரம் என்று சொல்கிறார். கேட்டவர் எண்ணை மட்டும் ஞாபகத்தில் கொண்டு, மாவுக்கு அவ்வளவு என்று இட்டுவிட்டால் மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. பணமும் நஷ்டம், பயிருக்கும் கேடு. அளவையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறிப்பது, குறிக்காமலே இருப்பதைவிட அபாயமானது. வைத்தியர் பாட்டிக்குச் சொல்லும் மருந்து விஷயமும் இப்படித்தான். காலையா, மாலையா, ஆகாரத்துக்கு முன்பா, பின்பா என்பதை உடன் போனவர் குறித்துக்கொள்ளாவிட்டால், வீட்டில் ஆளுக்கொரு பாடபேதம் கிளம்பிவிடும்.

மாணாக்கர்களின் நிலைமையோ வேறு விதம். ஆசிரியர் சொல்லச் சொல்ல ஒரு சொல் விடாமல் எழுதி, பரீட்சையில் அப்படியே கொட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். இது கிளியின் கல்வி. அந்நிய அரசாங்கத்துக்குக் குமாஸ்தாக்கள் தேவைப்பட்ட காலத்தில் இது போதுமானதாயிருந்திருக்கலாம். சுதந்திர நாட்டின் பிரஜைக்கு எப்படிப் போதும்? இப்போது கிளிக்கும் வேலையில்லாமற் செய்துவிட்டது கைபேசி. கரும்பலகையைப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். பிரசங்கத்தை ஒலிப்பதிவு செய்துகொள்கிறார்கள். தீமையில்லை, திரும்பக் கேட்டால் நன்மையே உண்டு. ஆனால் யந்திரம் கேட்டுக்கொள்கிறதே என்ற தைரியத்தில் நாம் கேளாமலிருந்துவிட்டால், அந்தப் பதிவு புள்ளியில்லாத ஏடாகக்கூட ஆகாது. பிரிக்காத சுவடிக் கட்டாகவே கிடக்கும்.

வழிதான் என்ன? பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதற் சில நிமிஷங்கள் பேனாவைத் தொடாமல், பேசுகிறவர் எதை நிலைநாட்ட வந்திருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். பிறகு கருத்தை உங்கள் சொந்தச் சொல்லில் சுருக்கி எழுதுங்கள். பெயர், வருஷம், எண், அளவை இந்த நான்கையும் அவர் சொன்னபடியே எழுதுங்கள். பக்கத்தில் ஓரமாக இடம் விட்டு, விளங்காத இடத்தில் ஓர் அடையாளம் இட்டு, முடிந்த பிறகு அவரையே கேளுங்கள். அன்றிரவே குறிப்பை எடுத்து, விட்டுப்போன புள்ளிகளை வைத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்தால் புள்ளி மனத்திலும் இராது. இது பசுவின் அசைபோடல்.

கடைசியாக, கேட்டதை வீட்டில் யாருக்காவது சொல்லுங்கள். பள்ளியிலிருந்து வரும் குழந்தையிடம் “எத்தனை மார்க்கு?” என்று கேட்பதற்கு முன்பு, “இன்றைக்கு என்ன கேட்டாய்? எனக்குச் சொல்லு, பார்க்கலாம்” என்று தாயாரோ பாட்டியோ கேட்கட்டும். அந்தக் குழந்தை சொல்லத் தொடங்கியதும், அடுப்பில் பால் பொங்கினாலொழிய இடையில் எழுந்திராமல் முழுதும் கேட்கட்டும். பவணந்தியாரின் அரைப் பங்கு குழந்தைக்குக் கிடைத்துவிடும். கேட்பது எப்படி என்கிற பாடமும், ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே, அதே வேளையில் நடந்துவிடும்.