ஒரு ஸ்க்ரூ கழன்றால் போதும்

வடசென்னையின் கத்திவாக்கத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சமைத்து முடிப்பதற்குள், மேசைமேல் விரலால் பெயர் எழுதிவிடலாம். ஒரு பக்கம் கடலின் உப்புக் காற்று, இன்னொரு பக்கம் நிலக்கரித் தூசி. எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல் மூடினார்கள். என் வீட்டில் துடைக்கும் துணி இன்னும் கறுப்பாகத்தான் வருகிறது. இந்தக் காற்றில் பன்னிரண்டு வருடம் உழைத்த லேப்டாப் என்னுடையது. 2013-ல் வளையலை அடகு வைத்து வாங்கினேன். வீட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இத்தனை வருட வினாத்தாள்களும் அதற்குள்தான் இருக்கின்றன.

போன வருடம் அது தளர்ந்துபோனது. பட்டனை அழுத்திவிட்டு அரிசி களைந்து உலையில் போட்டுத் திரும்பினாலும் திரை வந்திருக்காது. கடையில் கொடுத்துப் பார்த்தேன். "பழசு மேடம், புதுசு வாங்கிடுங்க" என்று மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவும் நின்றது. விண்டோஸ் 11 இந்த வயது மெஷினை ஏற்காது. நல்ல கீபோர்டு, நல்ல திரை, ஓடுகிற மதர்போர்டு. இதை எப்படிக் குப்பை என்று சொல்வது?

என்னிடம் படித்து டிப்ளமோ முடித்த பையன் ஒருவன் பார்க்க வந்தான். "டீச்சர், கடைசியா எப்ப டிவிடி போட்டீங்க?" என்றான். யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. "அப்ப அந்த டிரைவ் சும்மா இடத்த அடைச்சிக்கிட்டு கெடக்குது. அத எடுத்துட்டு ரெண்டாவது டிஸ்க் வெச்சிடலாம்" என்றான்.

லேப்டாப்பைக் கவிழ்த்தான். டிரைவைப் பிடித்திருந்தது ஒரே ஒரு ஸ்க்ரூ. உப்புக் காற்றில் அதன் தலை துருப்பிடித்து வழுக்கியது. ஒரு ரப்பர் பேண்டைத் தலைமேல் விரித்து, அதன்மேல் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தித் திருகினான், கழன்றுவிட்டது. டிரைவ் அலமாரி இழுப்பறை போல வெளியே வந்தது. அதன் கனத்தை என் மகனின் ஸ்கேலால் அளந்தோம். இவை பெரும்பாலும் 12.7 மில்லிமீட்டர் அல்லது 9.5 மில்லிமீட்டர் கனத்தில் வரும். அளக்காமல் போனால் வாங்கியது பொருந்தாது. என்னுடையது 12.7.

கத்திவாக்கத்தில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனோம். ஹெச்டிடி கேடி என்று கேட்டால் கொடுப்பார்கள்: டிவிடி டிரைவின் அளவிலேயே ஒரு சட்டம், உள்ளே டிஸ்க்கைச் செருகும் இடம். எனக்கு 350 ரூபாய் ஆனது. கூடவே 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வாங்கினோம். புதியதைக் கேடியில் வைப்பான் என்றுதான் நினைத்தேன். மாற்றிச் செய்தான். பழைய மெஷின்களில் டிவிடி இணைப்பு சில சமயம் வேகம் குறைந்ததாக இருக்குமாம். அங்கிருந்து ஆன் ஆக மறுக்கும் மெஷின்களும் உண்டாம். அதனால் எஸ்எஸ்டி பிரதான இடத்துக்குப் போனது, பழைய 500 ஜிபி டிஸ்க் கேடிக்குள் உட்கார்ந்தது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டான், அது இலவசம். இப்போது உலை வைக்கவெல்லாம் நேரமில்லை, அரை நிமிடத்துக்குள் திரை வந்துவிடுகிறது.

டிரைவின் முகப்பைக் கழற்றிக் கேடியில் மாட்ட, தட்டு வெளியே வர வேண்டும். முகப்பில் இருக்கும் சின்ன ஓட்டையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பைக் குத்தினான். தட்டில் என் மகனின் காதுகுத்து டிவிடி இருந்தது. கழற்றுவதற்கு முன்பே வீட்டு டிவிடிகளை எல்லாம் நகல் எடுத்திருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவேயில்லை. நல்லவேளையாக, கழற்றிய டிரைவை யூஎஸ்பி உறையில் போட்டு வெளியிலிருந்தே ஓட்டலாம். இரண்டு டிவிடிகள் கெட்டுப்போயிருந்தன. காதுகுத்து பிழைத்தது.

இதைச் செய்ய முடிந்ததற்கு ஒரே காரணம், என் லேப்டாப்பை வடிவமைத்தவர்கள் அதைத் திறக்க விட்டார்கள். இன்று வருகிற மெலிந்த லேப்டாப்கள் பலவற்றில் ராம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் டிஸ்க்கும் அப்படித்தான். பழுதானால் பாகம் மாற்ற வழியில்லை, மெஷினையே மாற்ற வேண்டும். ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளம் தொடங்கியது. ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் முறைக்காக அமைத்த குழு 2025-ல் அறிக்கை கொடுத்தது. அது முதலில் எடுத்துக்கொண்டவை ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும். லேப்டாப் இல்லை. பிரான்சில் 2021 முதலே லேப்டாப்புக்கும் அந்த மதிப்பெண் உண்டு. கடையில் விலைக்குப் பக்கத்திலேயே போட்டிருக்க வேண்டும். ஒரு குடும்பம் கடன் வாங்கி வாங்கும் பொருள் லேப்டாப். அதற்கு அந்த எண் முதலில் வந்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசுக்கு இதில் இன்னும் பெரிய பங்கு இருக்கிறது. 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்த மாநிலம் இது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் கொடுப்பதாக 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அவ்வளவு மொத்தமாக வாங்குகிறவர் சொன்னால் கம்பெனிகள் கேட்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடிய வேண்டும், டிஸ்க்கும் ராமும் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், பேட்டரி ஐந்து வருடம் கழித்தும் கிடைக்க வேண்டும் என்று டெண்டரில் எழுதினாலே போதும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், தூக்கிப் போட்ட பிறகு மறுசுழற்சி செய்யும் பொறுப்பைக் கம்பெனிகளுக்குத் தருகின்றன. நல்லதுதான். ஆனால் வயரை எரித்துச் செம்பு எடுக்கிற புகை எப்படி நாறும் என்று வடசென்னைக்காரர்களிடம் கேளுங்கள். தூக்கிப் போடாமல் இருப்பதைப் பற்றித்தான் நாங்கள் பேசுகிறோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை டியூஷன் பிள்ளைகள் இரண்டு பேர் அக்காக்களின் பழைய லேப்டாப்பைக் கொண்டு வருகிறார்கள். திறந்து பார்த்தால்தான் என்ன செய்யலாம் என்று தெரியும். டிவிடி இருந்தால், எல்லாவற்றையும் முதலில் நகல் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.