படிகளுக்கு அருகே ஒரு பாதை

இசை செவிக்கு உரியது. ஆயினும், இசையரங்கின் வாயிலில் உயர்ந்து நிற்கும் படிகள், நடக்க இயலாதவரை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. பழம்பெருங் கட்டடங்களை இசையரங்குகளாக மாற்றும்பொழுது இக்குறையை நீக்குவது கட்டாயக் கடமையாகும்.

இலண்டன் மாநகரில் உள்ள புனித லூக்கா தேவாலயம் 1733ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. நிலம் தாழ்ந்து சுவர்கள் வலுவிழந்தமையால், 1959ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது, பின்னர் கூரையும் அகற்றப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாழடைந்து கிடந்த அக்கட்டடம், 2003ஆம் ஆண்டில் இலண்டன் சிம்பொனி இசைக்குழுவின் இசைக்கூடமாகப் புத்துயிர் பெற்றது. உள்ளே எஃகுத் தூண்கள் நிறுத்தப்பட்டன. புதிய கூரையும் அமைந்தது. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலும், 1904ஆம் ஆண்டில் எழுந்த கன்னிமாடச் சிற்றாலயம் இன்று 'சைம்ஸ்' என்னும் வளாகத்தின் அரங்காக விளங்குகிறது.

சாய்தளம் அமைத்தால் பழைமை கெடும் என்பர் சிலர். மின்விளக்கும் எஃகுத் தூணும் புதுக்கூரையும் பழைமையைக் கெடுக்கவில்லை எனின், ஒரு சாய்தளம் மட்டும் எவ்வாறு கெடுக்கும்?

எனினும், இப்பணி எளிதன்று. ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது சாய்தளத்தின் பொது அளவு. ஒவ்வொன்றும் 15 செ.மீ. உயரமுள்ள ஆறு படிகளுக்கு ஏறத்தாழ 11 மீட்டர் நீளம் தேவை. இடம் போதாவிடில், பாதையை மடக்கி அமைக்கலாம். சிறிய மின்தூக்கியும் வைக்கலாம். ஆனால், பொருள்களை ஏற்றி இறக்கும் பின்வாயில் வழியாக மனிதரை அழைத்துச் செல்வது முறையன்று. எல்லாரும் நுழையும் வாயிலில் தாமும் நுழைவதே மதிப்பு.

மேடைக்கும் இவ்வழி வேண்டும். புகழ்பெற்ற வயலின் கலைஞர் இட்ஷாக் பெர்ல்மன், நான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டவர், அமர்ந்தே வாசிப்பவர். மேடையேற வழியில்லையெனில், இழப்பு கலைஞருக்கு மட்டுமன்று, கேட்போருக்கும் உண்டு.

இந்தியாவில், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக்கட்டடங்கள் யாவரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது. ஆகவே, சாய்தளம் இரக்கத்தால் இடும் கொடையன்று, உரிமையாகும்.

எருத்தேன்பதியில் வாழும் பிள்ளைகளுக்கு இலண்டன் தொலைவாகத் தோன்றலாம். ஆனால், படிகள் எல்லா ஊர்களிலும் உள்ளன. செம்பை வைத்தியநாத பாகவதரையும் மணி ஐயரையும் ஈன்ற பாலக்காட்டு மண்ணில், இசை கேட்க விரும்பும் ஒருவர்கூட வாயிலோடு திரும்புதல் கூடாது. பழைமையைக் காப்பது நன்று. அப்பழைமைக்குள் அனைவரையும் வரவேற்பது அதனினும் நன்று.

சொற்பொருள்
சாய்தளம் – சரிவான நடைவழி
கன்னிமாடம் – கன்னியர் வாழும் துறவியர் இல்லம்
கொடை – ஈகை

சிந்தித்து எழுதுக
1. ஐந்து படிகள், ஒவ்வொன்றும் 15 செ.மீ. எனின், சாய்தளத்தின் நீளம் எவ்வளவு?
2. நும் பள்ளி அரங்கிற்குள் சக்கர நாற்காலியில் வருவோர் எவ்வழியே நுழைவர்?