குற்றம் சோற்றில் இல்லை

“தின்கிறான், தூங்குகிறான், உடம்பு ஊதாமல் என்ன செய்யும்?” இலங்கை மலையகத்தின் பொல்பிட்டியவிலும் நோட்டன் பிரிட்ஜிலும் மட்டுமா, தமிழர் வாழும் எந்த ஊரிலும் இந்தப் பேச்சு காதில் விழும். பகலில் தூங்கி விழும் பிள்ளை கொஞ்சம் சதை போட்டுவிட்டால் வீட்டில் சோம்பேறி, பாடசாலையில் தூங்குமூஞ்சி. இரவுச் சோற்றைப் பாதியாகக் குறைப்பார்கள். வகுப்பில் வாங்கின் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

நார்கொலெப்சி என்றொரு நோய் உண்டு. ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு வரும் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலும் பதின்ம வயதையொட்டித் தொடங்கும். அதற்கு முன்பும் வரலாம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஒரெக்சின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் இருக்கின்றன. நம்மை விழிப்பாக வைத்திருப்பதில் ஒரெக்சினுக்குப் பெரும்பங்கு. பசியிலும், உடம்பு சக்தியைச் செலவழிப்பதிலும் அதற்குக் கை உண்டு. 1998இல் அதைக் கண்டுபிடித்தார்கள். நார்கொலெப்சியோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளையில் அந்தக் கலங்கள் அநேகமாக இல்லாமலே போயிருந்தது 2000இல் தெரியவந்தது. அவை அழிந்தால் பகல் தூக்கத்தை எந்த மனவுறுதியாலும் அடக்க முடியாது. நோய் தொடங்கிய சில மாதங்களிலேயே பல பிள்ளைகளுக்கு எடையும் மளமளவென்று ஏறிவிடும். தூங்கியதால் பருத்தான் என்பது தவறு. தூக்கமும் எடையும் ஒரே இழப்பிலிருந்து வருகின்றன.

“தின்னாமல் எப்படி ஊதும்?” என்று கேட்பவர்களுக்கு 2001ஆம் ஆண்டுப் பரிசோதனை ஒன்றைச் சொல்கிறேன். ஒரெக்சின் கலங்கள் அழிந்துபோகும்படி சக்குராய் என்ற ஆய்வாளரின் குழுவினர் எலிகளை உருவாக்கினார்கள். அவை மற்ற எலிகளைவிடக் குறைவாகவே தின்றன. ஆனாலும் கொழுத்தன. சில பிள்ளைகளுக்குப் பசியும் கூடுவதுண்டு, மறுக்கவில்லை. அதற்கும் பிள்ளையைக் குற்றம் சொல்ல இடமில்லை.

இந்த நோயின் அடையாளங்கள் கண்முன்னேதான் இருக்கின்றன. பகிடிக்கு வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடியும், தாடை தொங்கும், நாக்கு வெளியே தள்ளும். நினைவு தப்பாது, சற்று நேரத்தில் பிள்ளை தானே எழுந்துவிடும். வலிப்பென்று பயப்படுகிறோம், அல்லது நடிப்பென்று அடிக்கிறோம். தூங்கப்போகையில் இல்லாத உருவம் தெரியும், விழித்தும் கைகால் அசையாது. அமுக்குவான் பேய் என்று சொல்லி எலுமிச்சம்பழம் வெட்டி, நூல் கட்டிவிட்டால் கதை முடிந்துவிடுகிறது. நோயின் பெயர் தெரியவே பலருக்குப் பத்து வருடம்கூட ஆகிவிடுகிறது.

குறட்டையையும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்கிறோம். “அசந்து தூங்குது” என்கிறோம். டொன்சிலும் மூக்கின் பின்னுள்ள அடினொயிட் சதையும் வீங்கி மூச்சை அடைக்கும் பிள்ளை இரவெல்லாம் அரைத்தூக்கம்தான் தூங்கும், அதனால் பகலில் தூங்கி விழும். பருத்த பிள்ளைக்கு இது வரும். மெலிந்து வளர்ச்சி நின்ற பிள்ளைக்கும் வரும்.

தட்டிலிருந்து சோற்றைப் பிடுங்குவதை மலையகத்தில் நினைத்துப் பார்க்கவே நெஞ்சு பதறுகிறது. 2016ஆம் ஆண்டு குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் சுமார் 32 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. நாடு முழுவதற்கும் அது 17தான். வளரவேண்டிய பிள்ளையைப் பட்டினி போட்டால் இழந்த கலங்கள் திரும்பி வருமா?

அவற்றைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் பகலில் விழித்திருக்க மருந்து உண்டு. நேரம் குறித்த பதினைந்து இருபது நிமிடக் குட்டித்தூக்கமும் நன்றாகவே உதவும். ஆசிரியர்களே, அந்தத் தூக்கத்துக்கு இடம் கொடுங்கள். பெற்றோரே, பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வருபவர்களிடம் எடையை மட்டும் காட்டி நிறுத்தாதீர்கள். தூக்கத்தையும் குறட்டையையும் சொல்லுங்கள். சிரிக்கும்போது பிள்ளை சரிவதை போனில் படம் எடுத்து டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையில் காட்டி, சிறுவர் நரம்பியல் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள்.